இணையதளப் பணி நிறைவுக்குக் கையெழுத்திடும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

அரசுத் துறையோ, வாரியமோ, பல்கலைக்கழகமோ, மாநகராட்சியோ, எங்கே புதிய இணையதளம் கட்டினாலும் கடைசியில் ஒரு கோப்பு உங்கள் மேசைக்கு வரும். பணி நிறைவு என்று நீங்கள் கையெழுத்திட்டால்தான் ஒப்பந்ததாரருக்குப் பணம் போகும். அந்தக் கோப்பில் 'அணுகல்தன்மைச் சோதனை அறிக்கை' என்ற பெயரில் இரண்டு மூன்று தாள்கள் இருக்கும். முதல் தாளில் பச்சை வட்டத்துக்குள் 96 அல்லது 100 என்று ஒரு மதிப்பெண். இந்த மடல் அந்தத் தாள்களைப் பற்றியது. அந்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்து, மாற்றுத்திறனாளிகள் இந்தத் தளத்தைப் பயன்படுத்த முடியும் என்று முடிவு செய்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் எழுதுகிறேன்.

நான் பார்வையற்றவன். திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருளின் துணையோடு கணினியிலும் கைபேசியிலும் வேலை செய்கிறேன். இணையதளங்களைச் சோதித்து, எங்கே தடை இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பதுதான் என் தொழில். அந்த வேலையில் தானியங்கிக் கருவிகளை நானும் தினமும் ஓட்டுகிறேன். அதனால் கருவியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. படத்தைச் சொல்லால் விவரிக்கும் மாற்று உரை இல்லை, படிவப் பெட்டிக்குப் பெயர் இல்லை, எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு போதவில்லை என்பதையெல்லாம் ஒரு நொடியில் நூறு இடங்களில் சுட்டிக்காட்ட மனிதரால் ஆகாது. இந்த எளிய பிழைகளே உலகம் முழுக்கக் குவிந்துதான் கிடக்கின்றன. அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் வெப்எய்ம் அமைப்பு ஒவ்வோர் ஆண்டும் பத்து லட்சம் தளங்களின் முகப்புப் பக்கங்களைக் கருவி கொண்டு அலசுகிறது. 2025-இல் அவற்றில் 94.8 சதவீதப் பக்கங்களில் பிழை இருந்தது. கருவி சொல்வதைத் திருத்தினாலே நிறையப் பேருக்கு நிம்மதி. அதே வெப்எய்ம், கருவிக்குப் பிழை எதுவும் அகப்படவில்லை என்பதால் அந்தப் பக்கம் அணுகத்தக்கது என்று ஆகிவிடாது என்றும் சேர்த்தே சொல்கிறது. கருவியைச் செய்தவர்களே சொல்லும் இந்த எச்சரிக்கை உங்கள் கோப்புக்கு வந்து சேர்வதில்லை.

கருவி எவ்வளவுதான் கண்டுபிடிக்கும்? பிரிட்டன் அரசின் டிஜிட்டல் சேவைப் பிரிவு 2017-இல் இதற்கென்றே ஒரு பக்கத்தை உருவாக்கியது. அதில் வேண்டுமென்றே 142 தடைகளை வைத்தார்கள். பிறகு பல கருவிகளை அதன்மேல் ஓட்டிப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் நன்றாகச் செய்த கருவிக்குக்கூடச் சுமார் 40 சதவீதம்தான் அகப்பட்டது. எல்லாக் கருவிகளையும் சேர்த்துப் பார்த்தாலும், கால்பங்குக்கு மேற்பட்ட தடைகள் எந்தக் கருவியின் கண்ணிலும் படவே இல்லை.

இதற்கு எதிராக வேறோர் எண்ணை உங்களிடம் காட்டுவார்கள். ஆக்ஸ் என்ற சோதனைக் கருவியைச் செய்யும் 'டெக்' (Deque) என்ற நிறுவனம் 2021-இல், பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களின் சோதனை முடிவுகளை வைத்து, மொத்தப் பிழைகளில் சுமார் 57 சதவீதத்தைக் கருவியே பிடித்துவிடுகிறது என்றது. அவர்கள் எண்ணியது பிழைகள் எத்தனை முறை வருகின்றன என்பதை. ஒரு பக்கத்தில் 80 இணைப்புகள் மங்கிய சாம்பல் நிறத்தில் இருந்தால் அது 80 பிழை. அதே பக்கத்தில் 'சமர்ப்பிக்க' பொத்தானுக்கு விசைப்பலகையால் போகவே முடியாது என்றால் அது ஒரே ஒரு பிழை. கருவி அந்த 80-ஐயும் பிடித்து இந்த ஒன்றை விட்டால், கணக்குப்படி 99 சதவீதம் வெற்றி. விண்ணப்பிக்க வந்தவருக்கோ அந்தத் தளம் மூடியே கிடக்கிறது. 57 சதவீதம் என்பது பொய்யான எண் என்று நான் சொல்லவில்லை. ஒருவர் தம் வேலையை முடித்துக்கொண்டு போக முடியுமா என்ற கேள்விக்கு அது விடையாகாது.

அந்த 100 எப்படி வருகிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம்மூர் அறிக்கைகளில் நான் அதிகம் பார்ப்பது குரோம் உலாவியோடு இலவசமாக வரும் லைட்ஹவுஸ் கருவியின் மதிப்பெண். அது ஒரு விதித்தொகுப்பை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு விதிக்கும் பாஸ் அல்லது ஃபெயில் போட்டு, முக்கியத்துவத்துக்கு ஏற்ற எடையோடு சராசரி எடுக்கிறது. எந்தப் பக்கம் திறந்திருக்கிறதோ அந்தப் பக்கத்தை, திறந்திருக்கும் நிலையில் மட்டும் பார்க்கும். உள்நுழைந்த பிறகு வரும் பக்கங்கள், பொத்தானை அமுக்கியதும் மேலே விரியும் பெட்டி, தவறாக நிரப்பினால் தோன்றும் எச்சரிக்கை எல்லாம் அதற்கு இல்லாதவை. மனிதர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று அதுவே கீழே ஒரு பட்டியலும் தருகிறது. அந்தப் பட்டியலுக்கு மதிப்பெண் கிடையாது. சோதித்தாலும் சோதிக்காவிட்டாலும் 100 அப்படியே நிற்கும். ஆக்ஸ் கருவியிலும் 'மறுபார்வை தேவை' என்று தனியே ஒரு பகுதி உண்டு. படத்தின்மேல் எழுதிய எழுத்தின் நிற வேறுபாடு போன்ற, கருவியால் தீர்மானிக்க முடியாதவை அதில் வரும். என் கைக்கு வந்த அறிக்கைகளில் பெரும்பாலும் அந்தப் பகுதியை வெட்டிவிட்டே கொடுக்கிறார்கள்.

மனுவேல் மட்டுசோவிச் என்ற ஆஸ்திரிய டெவலப்பர் 2019-இல் இதை நிரூபித்தே காட்டினார். மவுஸும் விசைப்பலகையும் ஸ்கிரீன் ரீடரும் எதுவுமே பயன்படாத ஒரு பக்கத்தைத் திட்டமிட்டுக் கட்டி, அதற்கு லைட்ஹவுஸ் அணுகல்தன்மையில் 100 வாங்கினார். அவர் தெரிந்தே செய்ததை நம் ஒப்பந்ததாரர்கள் தெரியாமல் செய்துவிடுகிறார்கள். கருவி ஒரு பகுதியில் பிழை காட்டுகிறது, நேரம் இல்லை, அந்தப் பகுதியை 'ஏரியா-ஹிடன்' என்று குறித்துவிட்டால் ஸ்கிரீன் ரீடருக்கு அது இல்லாததாகிவிடும், கருவியும் பெரும்பாலும் கேள்வி கேட்காது. மதிப்பெண் ஏறும். திரையில் எல்லாம் முன்போலவே தெரியும். எங்களுக்கு மட்டும் ஒரு பத்தியோ ஓர் அட்டவணையோ காணாமல் போயிருக்கும். அது காணாமல் போனதும் எங்களுக்குத் தெரியாது.

இனி தமிழுக்கு வருகிறேன். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கருவிகளின் குறை தமிழ்ப் பக்கங்களில்தான் முழுசாக வெளிப்படுகிறது.

ஒவ்வொரு பக்கத்தின் நிரலிலும் அது எந்த மொழி என்று ஒரு குறிப்பு இருக்க வேண்டும். ஸ்கிரீன் ரீடர் அதைப் பார்த்துத்தான் எந்தக் குரலில் வாசிப்பது என்று முடிவெடுக்கிறது. கருவி சோதிப்பது இரண்டே விஷயம்: குறிப்பு இருக்கிறதா, அது செல்லுபடியாகும் குறியீடா. பக்கம் முழுக்கத் தமிழாக இருந்து, குறிப்பு 'ஆங்கிலம்' என்று சொன்னாலும் பாஸ்தான். நம்மூர்த் தளங்கள் பலவும் ஆங்கில வார்ப்புருவை எடுத்துத் தமிழை உள்ளே ஒட்டியவை. மேலே 'தமிழ்' என்ற பொத்தானை அமுக்கினால் எழுத்து மாறும், மொழிக் குறிப்பு மாறாது. அப்போது எங்களுக்கு என்ன கேட்கும் தெரியுமா? பல ஆங்கிலக் குரல்களுக்குத் தமிழ் எழுத்து என்றால் என்னவென்றே தெரியாது. அதைத் தாண்டிக்கொண்டு, இடையில் வரும் எண்களையும் ஆங்கிலச் சொற்களையும் மட்டும் வாசிக்கும். ஒரு நலத்திட்ட அறிவிப்பிலிருந்து '60', '2', '31' என்று மூன்று எண்கள் மட்டும் காதில் விழும். வயதா, பிரதிகளா, கடைசித் தேதியா? எது எதுவென்று நாங்களே ஊகிக்க வேண்டியதுதான்.

பொத்தான்களுக்கும் இதே கதி. கண்ணுக்குத் தெரிவது 'விண்ணப்பத்தைச் சேமிக்க' என்ற அழகான தமிழ். அதன் அடியில், ஸ்கிரீன் ரீடருக்கென்று எழுதிய பெயர் 'பட்டன் 3'. கருவிக்குத் தேவை ஒரு பெயர். இருக்கிறது, பாஸ். படங்களுக்கு மாற்று உரை வேண்டும் என்பது விதி. நலத்திட்ட அறிவிப்பு முழுவதையும், தகுதியும் தேதியும் தொலைபேசி எண்ணும் உட்பட, ஒரே படமாக வடிவமைத்து முகப்பில் ஏற்றிவிட்டு, மாற்று உரையாக 'பேனர்' என்று எழுதியிருப்பார்கள். அதுவும் பாஸ். அந்த உரை படத்தில் இருப்பதைச் சொல்கிறதா என்று படித்துப் பார்த்துத் தீர்மானிக்க ஒரு மனிதர் வேண்டும், அதுவும் தமிழ் படிக்கத் தெரிந்த மனிதர்.

பழைய எழுத்துருக்கள் இன்னொரு தொல்லை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுக் குறியீடான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-இலேயே ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பழைய கோப்புகள் அப்படியே தளங்களில் ஏறிக்கொண்டிருக்கின்றன. பாமினியில் 'தமிழ்' என்று திரையில் தெரிகிற இடத்தில், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். எனக்குக் கேட்பது 'ஜே, கே, பி, ஓ, செமிகோலன்'. ஒரு பக்கம் முழுவதும் இப்படி வந்தால் யாரால் கேட்டுக்கொண்டிருக்க முடியும்? கருவிக்கு இதில் ஒரு குறையும் தெரியாது, ஏனென்றால் அதற்கு இது ஒழுங்கான ஆங்கில எழுத்து வரிசை. அப்புறம் ஸ்கேன் செய்த அரசாணைகள். பக்கத்தைச் சோதிக்கும் கருவி பிடிஎஃப் கோப்புக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. அரசாணைப் பட்டியல் பக்கம் 100 வாங்கும். பட்டியலில் உள்ள ஓர் அரசாணையைக்கூட எங்களால் வாசிக்க முடியாது. துறைத் தளத்துக்கு ஒருவர் வருவதே அந்த அரசாணைக்காகத்தான்.

வாசிப்பதே இப்படி என்றால், விண்ணப்பிப்பது இதைவிடக் கடினம்.

சில மாதங்களுக்கு முன் ஓர் அலுவலகத்தின் தளத்தில் நானே ஒரு விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. பெயர் வேண்டாம். பிறந்த தேதிக்குப் பெட்டி உண்டு, ஆனால் தட்டச்சு செய்ய விடவில்லை. நாட்காட்டியிலிருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும். நாட்காட்டியோ மவுஸுக்கு மட்டுமே திறந்தது. அதை என் தங்கையிடம் கைபேசியில் திரையைப் பகிர்ந்து முடித்தேன். அடுத்து மாவட்டம். ஒரு மாவட்டத்தைத் தேர்ந்ததும் வட்டங்களின் பட்டியலைக் கொண்டுவரப் பக்கம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. நான் இருந்த இடம் போய், பக்கத்தின் உச்சியில், துறையின் இலச்சினையில் நின்றேன். மறுபடி கீழே வந்து வட்டத்தைத் தேர்ந்தேன். மறுபடி உச்சிக்குத் தள்ளியது. கிராமத்துக்கும் அப்படியே. கடைசியில் சமர்ப்பித்தபோது ஏதோ பிழை. எந்தப் பெட்டியில் பிழை என்று சிவப்பு நிறத்தில் காட்டியதாம். எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஒவ்வொரு பெட்டியாகத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தபோது நேரம் முடிந்துவிட்டது என்று தளம் என்னை வெளியேற்றியது. நிரப்பியது எல்லாம் போயிற்று.

அந்தப் படிவத்தின்மேல் நான் பிறகு கருவியை ஓட்டிப் பார்த்தேன். மாவட்டம், வட்டம், கிராமம் மூன்றுக்கும் பெயர் இருக்கிறது. சிவப்பு எழுத்துக்குப் போதிய நிற வேறுபாடு இருக்கிறது. நாட்காட்டிப் படத்துக்கு மாற்று உரை இருக்கிறது. ஒரு பிழையும் இல்லை. கருவி பொய் சொல்லவில்லை. பக்கம் திடீரென்று புதுப்பித்துக்கொள்வது, அறிவிக்கப்படாத பிழைச் செய்தி, நீட்டிக்க முடியாத கால வரம்பு மூன்றுமே இணைய அணுகல்தன்மைக்கான உலகத் தரநிலையான டபிள்யூசிஏஜி-யில் குறையென்று தெளிவாக எழுதப்பட்டவைதான். அவற்றைப் பார்க்க ஒருவர் உட்கார்ந்து அந்தப் படிவத்தை முதலிலிருந்து கடைசிவரை நிரப்ப வேண்டும். அதே தரநிலை இன்னொன்றும் சொல்கிறது: பல பக்கங்களாக நடக்கும் ஒரு வேலை என்றால், அதில் வரும் எல்லாப் பக்கமும் தேறினால்தான் எந்தப் பக்கமும் தேறியதாகக் கொள்ள முடியும். முகப்புப் பக்கத்துக்கு மட்டும் அறிக்கை வாங்கிக் கோப்பில் வைப்பது அந்த விதிப்படியே செல்லாது.

தளம் கைவிட்டால் எங்களுக்கு இருக்கும் வழி இ-சேவை மையம், அல்லது தெருமுனையில் இருக்கும் பிரவுசிங் சென்டர். அங்கே ஆதார் எண், வருமானம், குறைபாட்டின் சதவீதம், வங்கிக் கணக்கு, கைபேசிக்கு வரும் ஓடிபி எல்லாவற்றையும் பக்கத்தில் நிற்பவர்கள் காதிலும் விழும்படி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். என்ன நிரப்பினார்கள் என்று சரிபார்க்கவும் முடியாது. வேறு வழியில்லாமல் இதைப் பழகிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். வீட்டிலிருந்தே, யார் தயவும் இல்லாமல் முடிக்கலாம் என்றுதானே இந்தத் தளங்களைக் கட்டுகிறீர்கள்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகள். அந்த வசதி எங்களுக்கும் வேண்டும்.

தடை நிரலிலேயே இல்லாமல், கேட்கப்படும் வேலையிலேயே இருக்கும் இடங்களும் உண்டு. அமில வீச்சில் கண்கள் சிதைந்த பிரக்யா பிரசூன் என்பவர் 2023-இல் வங்கிக் கணக்கு தொடங்கப் போனபோது, உயிருள்ள ஆள்தான் என்று நிரூபிக்கக் கண் சிமிட்டச் சொன்னார்கள். அவரால் சிமிட்ட முடியாது. அந்தத் திரையின்மேல் உலகத்தில் உள்ள எல்லாக் கருவிகளையும் ஓட்டலாம். பொத்தானுக்குப் பெயர் இருக்கும், எழுத்துக்கு நிற வேறுபாடு இருக்கும், 'கண் சிமிட்டவும்' என்ற வரி தெளிவாக இருக்கும். அவருடைய மனுவும், பார்வையற்ற வழக்குரைஞர் அமர் ஜெயின் மனுவும் சேர்ந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, டிஜிட்டல் அணுகல் என்பது அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்து 20 வழிகாட்டுதல்களை வெளியிட்டது. தகுதிபெற்ற வல்லுநர்களைக் கொண்டு குறிப்பிட்ட கால இடைவெளியில் தணிக்கை செய்ய வேண்டும், செயலியையோ தளத்தையோ வடிவமைக்கும்போது பயனர் ஏற்புச் சோதனையில் பார்வையற்றவர்களைச் சேர்க்க வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று. வாடிக்கையாளரை அடையாளம் காணும் நடைமுறை தொடர்பாக, வங்கி போன்ற நிறுவனங்களை முன்வைத்துச் சொல்லப்பட்டது அது. அந்த அறிவுரை உங்கள் மேசைக்கு வராது என்று நினைக்காதீர்கள். அதற்கு முந்தைய நவம்பரில் ராஜீவ் ரதுரி வழக்கில் அதே நீதிமன்றம், அணுகல்தன்மை விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டுதலாக 2023-இல் வந்த ஜிஐஜிடபிள்யூ மூன்றாம் பதிப்பு இருக்கிறது. அணுகல்தன்மைக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 17802 இருக்கிறது. சட்டத்தில் குறை இல்லை. அந்தச் சட்டமெல்லாம் உங்கள் டெண்டரில் வரும்போது 'கருவி மதிப்பெண் 90-க்கு மேல்' என்ற ஒற்றை வரியாகச் சுருங்கிவிடுவதுதான் என் மனக்குறை.

சோதனைக் கருவியோடு நிற்காமல், தளத்தையே தானாகச் சரிசெய்துவிடும் என்று சொல்லி ஒட்டு மென்பொருள் விற்க வருவார்கள். ஓரத்தில் சக்கர நாற்காலிச் சின்னத்தோடு மிதக்குமே, அதுதான். ஒற்றை வரி நிரலைச் சேர்த்தால் போதும் என்பார்கள். வாங்காதீர்கள். செயற்கை நுண்ணறிவால் எந்தத் தளத்தையும் தரநிலைக்கு ஏற்றதாக ஆக்கிவிடும் என்று விளம்பரம் செய்த ஆக்ஸஸிபி நிறுவனத்தின் மீது அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்து, 2025-இல் பத்து லட்சம் டாலர் கட்ட வைத்தது.

அதுபோலவே, பல அரசுத் தளங்களின் மேல்வரியில் 'ஸ்கிரீன் ரீடர் அணுகல்' என்று ஒரு பக்கம் இருக்கும். ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கு நகல் எடுத்தே பரவிய பக்கம் அது. என்னென்ன ஸ்கிரீன் ரீடர் எங்கே கிடைக்கும் என்ற அட்டவணையில், 2017-இலேயே நிறுத்தப்பட்டுவிட்ட விண்டோ-ஐஸ் இன்னமும் இருக்கிறது. அந்தப் பக்கத்தை வாசிக்கவே ஸ்கிரீன் ரீடர் வேண்டும். அது எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அந்த இடத்தில், 'இந்தத் தளத்தில் தடை ஏற்பட்டால் இவரை இந்த எண்ணில் அழைக்கவும், இத்தனை நாளில் பதில் வரும்' என்று எழுதினால் அது உதவி.

ஆட்களுக்கு எங்கே போவது என்று நீங்கள் கேட்கலாம். தமிழ்நாட்டிலேயே இருக்கிறார்கள். என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் 2006-இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர்கள் கையால் தொடங்கப்பட்டது, இலவசம், தமிழும் வாசிக்கும். அதைக் கற்றுப் பட்டம் முடித்து, வேலைக்குக் காத்திருக்கும் பார்வையற்றவர்கள் நம் மாவட்டங்களில் நிறைய. அவர்களை அழைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள், அதற்கு உரிய சம்பளம் கொடுங்கள். தேநீரும் பாராட்டுச் சான்றிதழும் கொடுத்து அனுப்புகிற வேலை அல்ல இது. கட்டுமானச் செலவோடு ஒப்பிட்டால் சில பேரின் சில நாள் ஊதியம் பெரிதாகத் தெரியாது. பணி முடிந்த பிறகு திருத்துவதற்கு ஆகும் செலவுதான் அதிகம்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரே ஒரு பார்வையற்றவர் பார்த்து 'சரி, போகிறது' என்று சொன்னாலும் அதுவும் போதாது. என்னைப்போல இதே தொழிலில் இருப்பவர் எந்தக் கோணல் வழியிலாவது புகுந்து போய்விடுவார். போன மாதம் ஸ்கிரீன் ரீடர் கற்றவர் முதல் பெட்டியிலேயே நின்றுவிடுவார். இருவரும் வேண்டும். பார்வைக் குறைபாட்டோடு திரையை நான்கு மடங்கு பெரிதாக்கிப் படிப்பவர் வேண்டும். மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும் பட்டை பாதித் திரையை மறைப்பது அவருக்குத்தான் தெரியும். கை நடுக்கத்தால் மவுஸ் பிடிக்க முடியாதவர் வேண்டும். காது கேளாதவர் வேண்டும்: விளக்க வீடியோவுக்கு வசனக் கோப்பு இணைத்திருக்கிறதா என்று கருவி பார்க்கும், தானாக உருவான அந்தத் தமிழ் வசனத்தில் பாதி வரி பொருளில்லாமல் இருப்பதை அது அறியாது. கற்றல் குறைபாடு உள்ளவருக்கு நம் அலுவலக நடை புரிகிறதா என்பதையும் அவரிடமே கேட்க வேண்டும். இவர்கள் யாரையும் உங்களால் ஒரே நாளில் திரட்ட முடியாமல் போகலாம். முதல் டெண்டரில் இருவரோடு தொடங்குங்கள்.

கருவியின் அறிக்கையையும் கேளுங்கள், அது முதல் வாசலாக இருக்கட்டும். முகப்பு மட்டுமில்லாமல் உள்நுழைந்த பின் வரும் பக்கங்களுக்கும், தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனியாகவும், 'மறுபார்வை தேவை' பகுதி வெட்டப்படாமலும் கேளுங்கள். அதைத் தாண்டியவர்கள்தான் மனிதர் சோதனைக்கு வர வேண்டும். இல்லாவிட்டால், கருவி சொல்லியிருக்கக்கூடிய பிழைகளை எழுதிக்கொடுப்பதிலேயே எங்கள் நாள் போய்விடும்.

அடுத்த டெண்டரில் சேர்க்கத்தக்க வாசகம் ஒன்றைக் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் சட்டப் பிரிவு இதைத் திருத்திக்கொள்ளட்டும். பொருள் மாறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

"இத்தளத்தின் முதன்மைப் பணிகளாக இணைப்பில் குறிப்பிட்டுள்ள ஒவ்வொன்றையும், மாற்றுத்திறனாளிச் சோதனையாளர்கள், ஒப்பந்ததாரரின் ஊழியர் அல்லாதவர்களாக, விண்டோஸ் கணினியிலும் ஆண்ட்ராய்டு கைபேசியிலும், தமிழிலும் ஆங்கிலத்திலும், ஸ்கிரீன் ரீடர் கொண்டும் விசைப்பலகை மட்டும் கொண்டும் திரையைப் பெரிதாக்கியும், பிறர் உதவியின்றித் தொடக்கம் முதல் ஒப்புகைச் சீட்டு பெறுவது வரை செய்து பார்ப்பர். சோதனையாளர்களைத் துறையே நியமிக்கும். அவர்களுக்கான ஊதியம் திட்ட மதிப்பீட்டில் தனியே காட்டப்படும். எந்த ஒரு பணியும் முடிக்க இயலாத நிலையில், தானியங்கிக் கருவியின் மதிப்பெண் எதுவாக இருப்பினும், பணி நிறைவுச் சான்று வழங்கப்படாது. இறுதித் தவணையும் விடுவிக்கப்படாது. பராமரிப்புக் காலத்தில் படிவத்திலோ உள்நுழையும் முறையிலோ மாற்றம் செய்யும் ஒவ்வொரு முறையும் அந்தப் பணிக்கு இச்சோதனை மறுபடி நடத்தப்படும்."

இப்படிக்கு,
உங்கள் தளங்களில் விண்ணப்பிக்கும் ஒரு பார்வையற்ற குடிமகன், அணுகல்தன்மைச் சோதனையாளர்